எந்தப் பட்டன் ஐயா?

போன வாரம் பாண்டிச்சேரி மிஷன் வீதி டீக்கடையில் ஒரு பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "இப்பல்லாம் சினிமாவுல வர்ற பேய், மிருகம் எல்லாமே கம்ப்யூட்டர் வேலைதான் சார். பட்டனைத் தட்டினா வந்து நிக்கும்." கடையே தலையாட்டியது. எனக்கு டீ இறங்கவில்லை.

எந்தப் பட்டன் ஐயா? 2015 பொங்கலுக்கு வந்த 'ஐ' படத்தில் விக்ரம் கூனும் கொப்புளமுமாக நின்றாரே, அது எந்தப் பட்டன்? 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' அரக்கர்களைச் செய்த நியூசிலாந்தின் வேட்டா வொர்க்‌ஷாப் ஆட்கள் செய்த வேலை அது.

முதலில் நடிகரின் முகத்தை அச்சு எடுப்பார்கள். அந்த அச்சின் மேல் களிமண்ணில் கோர முகத்தைச் செதுக்கி, அதற்கும் ஓர் அச்சு எடுத்து, இரண்டுக்கும் நடுவில் சிலிக்கோனோ நுரை ரப்பரோ நிரப்புவார்கள். வெளியே வரும் தோலின் ஓரம் வெங்காயச் சருகைவிட மெல்லிசாக இருக்க வேண்டும். கொஞ்சம் தடித்தாலும் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டியதை ராத்திரி உரித்தால் ஓரம் கிழிந்துவிடும், மறுநாளுக்குப் புதுசு வேண்டும். இதற்குப் பெயர் பட்டனாம்!

முழு உடுப்பு என்றால் இன்னும் கொடுமை. 1954-இல் காட்ஜில்லாவுக்குள் ஹருவோ நகஜிமா என்ற மனிதர் வெந்துகொண்டிருந்தார். நம் ஊர் மே மாதப் புழுக்கத்தில் அதைப் போட்டுப் பார்க்கட்டும் நம் பெரியவர். பிறகு பேசலாம்.

பாண்டிக்காரர்கள் இப்படிப் பேசுவதுதான் வயிற்றெரிச்சல். திருக்கனூரில் காகிதக்கூழைப் பிசைந்து பொம்மை செய்கிறார்கள், புவிசார் குறியீடே வாங்கிய கைவேலை. இங்கே படமெடுக்க வரும் கம்பெனிகளோ மஞ்சள் சுவரையும் கடற்கரையையும் படம் பிடித்துவிட்டு, தெருவை மறித்த கையோடு கிளம்பிவிடுகின்றன. திருக்கனூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. சூரசம்ஹாரத்தில் சூரனுக்குத் தலை மாற்றுவதை வாய் பிளந்து பார்க்கும் அதே ஜனம், சினிமா என்றால் மட்டும் மனிதக் கையை நம்பாது.

நம்ப வழிதான் ஏது? செய்தவர் பெயர் படம் முடிந்த பிறகு ஓடுகிறது. அதற்குள் எல்லோரும் பைக்கை எடுக்க ஓடிவிடுகிறார்கள். பெயரைப் படிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால், துடைப்பத்தோடு வந்த தம்பி, "காலைத் தூக்குங்க சார்" என்கிறார்.