ஊசி யார் கையில்?

காவலரின் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது, கைவிலங்கு இருக்கிறது. கூடவே ஓர் ஊசியும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்கிறார்கள். அமெரிக்காவில் இது வேடிக்கைப் பேச்சன்று. போதையில் வண்டி ஓட்டியவரிடம் இரத்தம் எடுக்க அரிசோனா மாநிலம் 1990களிலேயே காவலர்களைப் பழக்கத் தொடங்கிவிட்டது. யூட்டா, ஐடஹோ போன்றவையும் பின்னர் அவ்வழியில் சென்றன.

ஆதரிப்போர் கூறும் காரணங்கள் அற்பமானவை அல்ல. குடித்துவிட்டு ஓட்டுவோரால் அந்நாட்டில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். மூச்சுக் கருவி மதுவைக் காட்டும். கஞ்சாவையோ தூக்க மாத்திரையையோ காட்டாது. மருத்துவமனையில் காத்துக் கிடந்தால் இரத்தத்தில் மதுவின் அளவு குறைந்துகொண்டே போகும். அத்தனையும் மெய். காவலருக்கு ஊசி குத்த வராது என்பதும் என் வாதமன்று. பயின்றால் கைவரக்கூடிய வேலைதான்.

நான் கேட்பது இதுதான்: குற்றம் சாட்டுகிற கையே, அக்குற்றத்துக்கான சான்றை ஒருவரது உடலுக்குள்ளிருந்து எடுக்கலாமா? இக்கேள்வி புதிதன்று. 1966இல் ஷ்மெர்பர் வழக்கில், விபத்தில் காயமுற்றவரிடம் அவர் மறுத்தபோதும் இரத்தம் எடுத்தது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எடுத்தவர் மருத்துவர், இடம் மருத்துவமனை என்பதை அத்தீர்ப்பு கருத்திற்கொண்டது. மருத்துவம் சாராதவர் காவல் நிலையத் தனிமையில் எடுத்தால் கடுமையான கேள்விகள் எழும் என்று நீதிபதி பிரென்னன் அதிலேயே எழுதிவைத்தார். 2016இல் அதே நீதிமன்றம், கைதானவரின் மூச்சைச் சோதிக்க ஆணை வேண்டாம், இரத்தத்துக்கு அப்படியல்ல என்று பிரித்துக் காட்டியது. தோலைத் துளைப்பதும் ஊதச் சொல்வதும் ஒன்றல்லவே.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் 2017 ஜூலையில் சால்ட் லேக் நகரில் நடந்ததைப் பார்க்கட்டும். காவலர்களிடமிருந்து தப்பி ஓடிய வண்டி ஒன்று லாரியின்மீது மோதியது. லாரி ஓட்டுநர் தீக்காயங்களோடு யூட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்தார். அவர்மீது ஐயமே இல்லை; அவர் பாதிக்கப்பட்டவர். அவரிடம் இரத்தம் எடுக்க வந்த துப்பறிவாளர் அதற்கெனவே பயிற்சி பெற்றவர். நீதிமன்ற ஆணை இல்லை, நோயாளியின் ஒப்புதல் இல்லை, கைதும் இல்லை. பொறுப்பிலிருந்த செவிலியர் விதியைப் படித்துக் காட்டி மறுத்தார். துப்பறிவாளரோ, அலறிய அப்பெண்ணை வெளியே இழுத்துச் சென்று கைவிலங்கிட்டார்.

பயிற்சியில் குறையில்லை பாருங்கள். ஊசி பிடிக்கத் தெரிந்தவருக்கு நிற்க வேண்டிய இடம் தெரியவில்லை. அங்கே ஒரு செவிலியர் இருந்தார், படக்கருவி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் உலகம் பார்த்தது, அவர் வேலை போயிற்று. இதே துப்பறிவாளர், இதே ஊசி, நள்ளிரவு, காவல் நிலையத்தின் பின்னறை என்று வைத்துக்கொள்வோம். “கூடாது” என்று சொல்ல அங்கே யார் இருப்பார்கள்? மருத்துவமனைத் தாமதம் என்று இவர்கள் அலுத்துக்கொள்கிறார்களே, அதில் ஒரு பகுதி அந்த மூன்றாம் மனிதரின் இருப்புதான்.

மாற்று இல்லாமலும் இல்லை. நீதிபதியிடம் தொலைபேசியிலேயே ஆணை பெறும் வசதி வந்து பல ஆண்டுகளாகின்றன. காவல்துறையைச் சேராத செவிலியரை இரவுகளில் அழைத்த நேரத்துக்கு வரும்படி அமர்த்தலாம். செலவாகும் என்பார்கள். சால்ட் லேக் செவிலியருக்கு நகராட்சியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து இழப்பீடாகக் கொடுத்தது 5 லட்சம் டாலர். அந்தத் தொகைக்கு எத்தனை இரவுகள் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.