முப்பது ஆண்டு அனுபவம் யாருக்காக?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தாலும் வந்தன, ‘எச்.ஆர். துறையில் முப்பது ஆண்டு அனுபவம்’ என்ற அடைமொழியோடு வருபவர்களின் வரவேற்புரை ஓய்ந்தபாடில்லை. 300 பேருக்குக் குறைவாக உள்ள ஆலையை மூடவோ ஆட்குறைப்பு செய்யவோ இனி அரசின் முன் அனுமதி வேண்டாம். மத்தியச் சட்டத்தில் இதுவரை அந்த வரம்பு 100. இதற்குப் பெயர் சீர்திருத்தமாம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், இந்தப் பாதுகாப்பு முதன்முதலில் வந்தபோது இருந்த வரம்பும் 300தான்; 1982 திருத்தம்தான் அதை 100 ஆக்கியது. அரை நூற்றாண்டு பின்னால் போயிருக்கிறோம். போதாதென்று, வெறும் அறிவிக்கை மூலமே அரசு அந்த எண்ணை மேலும் உயர்த்திக்கொள்ளலாம்.

சட்டம் போட்டவர்களை விடுங்கள், அவர்கள் அரசியல்வாதிகள். கைதட்டுகிற எச்.ஆர். தலைவர்களின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-வது பிரிவு, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றது. தொழிலாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கையை அவர் கையாளக் கூடாது, நிர்வாகத்தின் சார்பில் தொழிலாளருக்கு எதிராக வழக்கில் தோன்றக் கூடாது என்று பல மாநிலங்களின் விதிகள் தடுத்தன. மீண்டும் படியுங்கள்: சம்பளம் கொடுப்பது முதலாளி, ஆனால், தொழிலாளிக்கு எதிராக வாய் திறக்கத் தடை! 1952-ல் தொடங்கிய சென்னை சமூகப் பணிக் கல்லூரி போன்ற இடங்களிலிருந்து ஆலைகளுக்குப் போனவர்கள் படித்தது சமூகப் பணி. பங்கு விலையை ஏற்றும் வித்தை அவர்கள் பாடத்தில் இல்லை.

நல அலுவலருக்கு அருகில் பர்சனல் மேனேஜர் வந்தார், அவரே எச்.ஆர். ஆனார், இப்போது ‘சீஃப் பீப்பிள் ஆபீசர்’. பெயர் நீள நீள, குறை கேட்பவரும் குற்றப்பத்திரிகை கொடுப்பவரும் ஒரே ஆளாகிவிட்டார். ராஜினாமா கடிதத்தை எழுதி வாங்கிக்கொண்டு, அதை ‘சுமுகமான பிரிவு’ என்று கோப்பில் எழுதுகிறவரிடம் எந்த ஊழியர் மனம் திறப்பார்?

சட்டம் கேட்பதற்கு முன்பே, 1912-ல், ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தது டாடா. அதே குழுமத்தின் டிசிஎஸ், 2025 ஜூலையில், சுமார் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்களுக்கே அடி அதிகம். அனுபவத்துக்கு மரியாதை எச்.ஆர். தலைவர்களுக்கு மட்டும்தான் போலும்.

புதிய தொகுப்பு 250 பேர் இருந்தாலே நல அலுவலர் வேண்டும் என்கிறதே என்பார்கள். அது தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும்தான்; பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் வளாகங்களுக்கு இல்லை. ஆட்குறைப்பு எளிதானால் வேலைவாய்ப்பு பெருகும் என்ற வாதமோ பதில் சொல்லவே தகுதியற்றது.

பெரிய நிறுவனங்கள் எச்.ஆர். தலைவர் பதவியையே ஒழித்துவிட்டு, அந்த ஒரு சம்பளத்தில் பத்து நல அலுவலர்களை நியமிக்கட்டும். தொழிலாளர் துறையின் சம்மதமின்றி அவர்களை நீக்க முடியாது என்று அரசு விதி எழுதட்டும். பதவியை ஒழிக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. இயக்குநர் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.