நிறம் பார்க்காத ஆசிரியர்கள்

“நாங்கள் நிறம் பார்ப்பதில்லை, எல்லாப் பிள்ளைகளும் எங்களுக்கு ஒன்றே” என்று ஆசிரியப் பெருமக்கள் கூறக் கேட்கிறோம். அச்சொல்லை அப்படியே ஏற்பதற்கில்லை.

இங்கிலாந்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகள், ‘மந்தபுத்தியினர்’க்கெனவிருந்த தனிப்பள்ளிகளுக்கு அளவுமீறி அனுப்பப்பட்டனர். லண்டனில் ஆசிரியராயிருந்த கிரெனடா நாட்டவர் பெர்னார்ட் கோர்ட், 1971இல் சிறு நூலொன்றில் இதனை அம்பலப்படுத்தினார். பிள்ளைகளின் மொழியையும் வாழ்வையும் அறியாத தேர்வும், ‘இவனால் இவ்வளவுதான்’ என்னும் ஆசிரியரின் முன்முடிவுமே அவர்களை வீழ்த்தின என்றார். ஆசிரியர் சிலரிடம் அவர்களே அறியாத இனப்பாகுபாடு உண்டென்பதை 1981இல் ராம்ப்டன் குழுவின் அறிக்கையும் ஒப்புக்கொண்டது.

ஆகவே ஆசிரியர்க்கு நாம் உரைப்பது இதுவே: வகுப்பில் எழும் வசைச்சொல்லைக் கண்டிப்பது கடமை, அது மட்டும் போதாது. யாரைக் கடைசி வரிசையில் அமர்த்தினோம், யாரிடம் கேள்வியே கேட்காதிருந்தோம், யாரைத் தேறமாட்டான் எனக் கைவிட்டோம் என்று முதலில் உங்களையே விசாரியுங்கள்.