உடற் பரிசோதனையும் உத்தியோக கௌரவமும்

கடல் கடந்து கற்பிக்கச் சென்ற நம்மவர் இருவர் சந்தித்துக்கொண்டால், சம்பளத்தைப் பற்றிப் பேசி முடித்த மறுகணமே பேச்சு வைத்திய பரிசோதனையை நோக்கித் திரும்புவது வழக்கமாகிவிட்டது. வேலை அனுமதிப்பத்திரம் வழங்குமுன் இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்றே பிடித்தார்கள், கைவிரல் அடையாளம் பதித்தார்கள் என்று முறைப்பாடு நீளும். சற்றுக் கவனித்துக் கேட்டால், மனத்தைக் குடைவது ஊசியுமன்று எக்ஸ்றேயுமன்று என்பது புலப்படும். “பட்டதாரி ஆசிரியரான எங்களையும் வீட்டுப் பணிப்பெண்களோடும் கட்டடத் தொழிலாளிகளோடும் ஒரே வரிசையில் நிற்க வைத்துவிட்டார்களே!” என்பதே குறை. இக்கட்டுரை அந்தக் குறைக்கு எதிராக எழுதப்படுவது.

முதலிற் பரிசோதனையைப் பற்றிப் பேசுவோம். தொற்றுநோயைத் தடுக்க எந்த நாட்டுக்கும் உரிமையுண்டு. அதனை மறுப்பவன் நானல்லன். கசரோகம் இருமலாற் பரவுவது. நாற்பது பிள்ளைகளோடு மூடிய அறையில் நாள் முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் ஆசிரியனின் நெஞ்சைப் பார்ப்பதில் நியாயமுண்டு. ஆயின் நோயைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கமெனின், கண்டுபிடித்தபின் என்ன செய்கிறார்கள்? மருந்து கொடுக்கிறார்களா, விமானமேற்றி அனுப்பிவிடுகிறார்களா? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையிலேயே பரிசோதனையின் சுயரூபம் அடங்கியிருக்கிறது.

வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் இங்கே அங்கீகரிக்கப்பட்ட நிலையமொன்றில் ஒரு முறையும், போய்ச் சேர்ந்தபின் மற்றொரு முறையும் பரிசோதிக்கப்படுகின்றனர். பழைய கசத்தின் வடு எக்ஸ்றேயில் தெரிந்தாற் போதும், ‘தகுதியற்றவர்’ என்ற முத்திரை விழுந்துவிடும். ஆறு மாதம் ஒழுங்காக மருந்துண்டு குணமடைந்தவனின் நெஞ்சில் எஞ்சியிருக்கும் தழும்பு எவருக்கும் தொற்றாது என்பதை வைத்திய மாணவனும் அறிவான். நான் அறிந்த கணித ஆசிரியர் ஒருவருக்கு நேர்ந்தது இதுவே. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கையில் நோய் கண்டு, அரசாங்க மார்புச் சிகிச்சை நிலையத்தில் ஒரு சதமும் செலவின்றிக் குணமடைந்தவர் அவர். பதினான்கு வருடங்களின் பின்னர் அந்தத் தழும்பு அவரைக் காட்டிக்கொடுத்தது. முகவரிடம் கட்டிய பணமும் போயிற்று. வறிய நாடொன்றின் இலவச வைத்தியம் ஒரு மனிதனை மீட்டெடுத்தது. செல்வம் கொழிக்கும் நாட்டின் படிவமோ அவனை மீண்டும் நோயாளியாக்கியது.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியை அடுத்து, ஐந்து வருடங்கள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரசாங்க ஊழியருக்கு வழி திறக்கப்பட்டபோது புறப்பட்ட ஆசிரியருள் நானும் ஒருவன். வளைகுடா நாடொன்றிலே இரண்டு வருடம் தமிழ் கற்பித்தேன். என் இரத்தத்தில் எதைத் தேடினார்கள் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. முடிவு என் கைக்கு வரவுமில்லை. பாடசாலையின் அரசாங்க அலுவல்களைக் கவனித்த ‘மந்தூப்’ அதை முதலில் வாசித்தார். என் உடம்பைப் பற்றிய செய்தியை என் எசமானனின் எழுதுவினைஞர் எனக்கு முன்னரே அறிந்துகொண்டார். கடவுச்சீட்டைப் போலவே அதுவும் அவர்களின் கோவையில் இருந்தது.

வளைகுடாவை மாத்திரம் குறை கூறுவது எளிது. கீழ்த்திசைக்குச் சற்றுச் செல்வோம். தாய்லாந்தில் ஆங்கிலங் கற்பிக்கச் செல்வோரின் வைத்திய அத்தாட்சிப் பத்திரத்தில் குஷ்டம், அபாய நிலையிலுள்ள கசம், யானைக்கால், போதைப்பொருளுக்கு அடிமையாதல், குடிவெறி, மூன்றாங் கட்டத்து மேகநோய் ஆகியன இல்லையென்று வைத்தியர் ஒப்பமிடவேண்டும். யானைக்காலைப் பற்றிய வாசகம் உற்று நோக்கத்தக்கது: சமூகம் அருவருக்கும் அளவுக்குக் குறிகள் தோன்றிய யானைக்கால் என்றே விதி அதனை வரையறுக்கின்றது. யானைக்கால் நுளம்பினாற் பரவுவது. வீங்கிய காலைக் கண்டவருக்கு அது ஒட்டிக்கொள்வதில்லை. அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிக்கப்பட்டுவிட்டதென்று 2016இல் இலங்கையையும் 2017இல் தாய்லாந்தையும் உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. அதன் பின்னரும் விதியில் அந்தச் சொற்கள் இருந்தன. காரணம், அவை எழுதப்பட்டது கிருமிக்கு அஞ்சியல்ல, அருவருப்பை முன்னிட்டு. இத்தனை பெரிய நோய்ப் பட்டியலுக்குரிய அத்தாட்சியை, இரத்த அழுத்தத்தை அளந்து இரண்டு கேள்வி கேட்டுச் சில நிமிடங்களிலே சிற்றூர்ச் சிகிச்சை நிலையங்கள் தந்துவிடுகின்றன என்பதை அங்கு கற்பித்த பலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

தென்கொரியாவில் நடந்தது சிரிப்பதற்குரியதன்று. 2007இல், அங்கு கற்பித்துக்கொண்டிருந்த பிறநாட்டவர் ஒருவர், வேறு நாடுகளில் சிறுவர்மீது புரிந்த பாலியற் குற்றங்களுக்காகச் சர்வதேசப் பொலிசாரால் தேடப்பட்டுப் பிடிபட்டார். பத்திரிகைகள் கொதித்தன. அவ்வருட முடிவில் ஈ-2 விசாவில் வரும் பிறநாட்டு மொழி ஆசிரியர் எல்லோரும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் போதைப்பொருட் பரிசோதனைக்கும் உட்படவேண்டுமென்று விதியாயிற்று. குற்றவாளியின் குற்றத்துக்கும் ஆசிரியரின் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு? வகுப்பறையில் இலக்கணஞ் சொல்லிக் கொடுப்பதனால் எச்.ஐ.வி. பரவுமென்று எந்த வைத்திய நூலில் எழுதியிருக்கிறது? அதே பாடசாலையில் அதே பாடத்தைக் கற்பித்த கொரிய ஆசிரியருக்கும், கொரிய வமிசத்தில் வந்த பிறநாட்டுப் பிரசைகளுக்கும் அந்தப் பரிசோதனை இல்லை. ஆக, விதி தேடியது கிருமியைத்தானா?

உல்சான் நகரிற் கற்பித்த நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் 2009இல் மீண்டும் பரிசோதனைக்கு உட்பட மறுத்தார், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் வழக்காடினார். இப்பரிசோதனை பிறநாட்டு ஆசிரியரின் ஒழுக்கத்தையும் விழுமியங்களையும் சோதிக்கும் வழியாகக் கருதப்படுகிறதென்று நகரத்தின் கல்வி அலுவலகம் நடுத்தீர்ப்பு விசாரணையின்போது கூறியதாக ஐக்கிய நாடுகள் சபையின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழுவின் தீர்மானம் பதிந்துவைத்திருக்கிறது. இதைவிட வெளிப்படையான வாக்குமூலம் வேண்டுவதில்லை. ஊசிமுனையால் ஒழுக்கத்தை அளக்கலாமென்று கல்வி நிருவாகிகளே நம்பியிருக்கிறார்கள்! பொதுச் சுகாதாரக் காரணம் எதுவுமின்றி இனத்தின் பேரால் வேற்றுமை காட்டப்பட்டதென்று 2015 மே மாதத்தில் அக்குழு முடிவு கூறி, இழந்த சம்பளத்துக்கு ஈடு செய்யுமாறும் கேட்டது. 2016இல் கொரியாவின் மனித உரிமை ஆணைக்குழுவும் அப்பக்கமே நின்றது. 2017இல் அந்த எச்.ஐ.வி. விதி நீக்கப்பட்டது. பத்து வருடங்கள்! ஒரு பெண் பிடிவாதமாக ‘இல்லை’ என்றமையினால் அது பத்து வருடத்தோடாவது முடிந்தது.

அவருக்குப் பின்னால் வலிமை வாய்ந்த கடவுச்சீட்டு ஒன்று இருந்தது என்பதையும் மறக்கலாகாது. மலைநாட்டிலிருந்து றியாத்துக்குப் போகும் பெண்ணொருத்தி ‘இல்லை’ என்று சொன்னால் என்ன நடக்குமென்பதை வாசகர் அறிவர்.

“பிடிக்காவிட்டாற் போகாமலிருக்கலாமே” என்பார் உளர். 2022இல் ஆசிரியரின் மாதச் சம்பளத்தைக்கொண்டு பால்மாவும் எரிவாயுவும் வாங்க முயன்றவர்களிடம் அவர்கள் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

இனி வரிசைக்கு வருவோம். நம்முடைய ஆசிரிய நண்பர்கள் பலர் வேண்டுவது பரிசோதனையின் சீர்திருத்தத்தையன்று, வேறொரு வாசலை. கூடுதலான கட்டணம் செலுத்தினால் குளிரூட்டிய அறை, காத்திராத வரிசை, மரியாதையான தாதி. துபாயில் இத்தகைய ஏற்பாடு விலைக்கே கிடைக்கிறது. “பாடசாலை எங்களுக்கு அதைச் செய்து தரவேண்டும்” என்று மனுவொன்றும் எங்கள் ஆசிரியர் அறையிற் சுற்றிவந்தது. நான் கையொப்பமிடவில்லை. அந்த மனுவில் நம்மவரின் மிகப் பழைய நோயொன்றின் குறி தெரிந்தது. எந்த எக்ஸ்றேயும் அதைப் படம் பிடிப்பதில்லை.

நமது வரலாற்றையே பாருங்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற்சேவை தொடங்கிய பின்னர், இத்தீவின் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் இராமநாதபுரக் கரையிலுள்ள மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். வைத்தியர் பார்த்தார், உடைகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன, பின்னரே கப்பல். இந்திய மண்ணில் அம்முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். அதே கப்பலில் மேல்வகுப்பில் வந்த கனவான்கள் அம்முகாமில் நாட்கணக்காக அடைபட்டுக் கிடக்கவில்லை. வாந்திபேதிக் கிருமி பிரயாணச்சீட்டின் வகுப்பைப் பார்த்து ஏறுவதாகத்தான் அன்றைய நிருவாகம் எண்ணியது போலும். அன்று அதை அநீதியென்று யாழ்ப்பாணத்தவரும் கொழும்பாரும் எத்தனை பேர் கேட்டோம்? பின்னர் யுத்தம் வந்து, நம்மிற் பலர் அகதிகளாக அதே மண்டபத்தில் போய் இறங்கிப் பெயர் பதிந்துகொண்டு வரிசையில் நின்றபோது, வரிசை என்றால் என்னவென்று தெரிந்தது. தெரிந்ததைத்தான் இத்தனை விரைவில் மறந்துவிட்டோமா?

பணிப்பெண்ணின் பக்கத்தில் நிற்க நாணுகின்ற ஆசிரியர், அவளுக்கு என்ன செய்யப்படுகிறதென்று ஒரு முறை விசாரித்துப் பார்க்கலாம். சிங்கப்பூரில் அவள் ஆறு மாதத்துக்கொரு தடவை வைத்தியரிடம் அனுப்பப்படுகிறாள். கர்ப்பமுற்றிருக்கிறாளா என்பதும் பார்க்கப்படும். இருந்தால் வேலை அனுமதி போய்விடும். அங்கு உயர்ந்த சம்பளத்தில் இருக்கும் பிறநாட்டு ஆசிரியைக்கு இந்த அரையாண்டுச் சோதனை இல்லை. தாய்மை இங்கே தொற்றுநோய்ப் பட்டியலிற் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதுவும் ஒரு வகுப்பினருக்கு மட்டும். இதற்கு மேலும் இது சுகாதாரம் பற்றிய விஷயமென்று வாதிடுவோருக்கு நான் விடை சொல்ல வேண்டியதில்லை.

வேலை தேடுவோரையும் புலம்பெயர் தொழிலாளரையும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு உட்படுமாறு கேட்கலாகாதென்று சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2010இல் தனது 200ஆம் இலக்க விதப்புரையிற் கூறியிருக்கிறது. விதப்புரை சட்டமன்று, ஆனால் ஆளனுப்பும் நாடு பேச்சுவார்த்தை மேசையில் வைப்பதற்கு அது போதும். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இலிருந்து இயங்குகின்றது. உடன்படிக்கைகளிலே சம்பளத்தையும் எண்ணிக்கையையும் எழுதுகின்ற கை, இவற்றையும் எழுதலாம்: முடிவு முதலில் தொழிலாளியின் கையில், அவருக்கு விளங்கும் மொழியில் கொடுக்கப்படவேண்டும், குணமாகிய நோயின் வடு தடையாகலாகாது, வேலையிலிருக்கையில் நோய் கண்டால் அங்கேயே சிகிச்சை, அதன் பின்னர் அதே வேலை. கர்ப்பப் பரிசோதனை எவருக்கும் கூடாது.

2021இல் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி நமது ஆசிரியர் சங்கங்கள் நூறு நாட்களுக்கு மேலாக இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்து நின்றன. வெளிநாட்டிலிருக்கும் தமது அங்கத்தவருக்காக மேற்சொன்னவற்றைக் கேட்கும் வல்லமை அவற்றுக்கு உண்டு. கேட்கும்போது கோரிக்கைப் பத்திரத்தின் முதல் வரியில் ‘ஆசிரியர்’ என்று எழுதாமல், ‘வேலைக்குச் செல்லும் இலங்கையர் எவரும்’ என்று எழுதட்டும். அந்தப் பத்திரத்தில் நான் கையொப்பமிடுவேன்.