ஒயரை ஒளித்த மதர்போர்டு

ஒயரே கண்ணில் படாத கம்ப்யூட்டர்தான் வேண்டுமாம் பையனுக்கு. ஆசுஸ் பிடிஎஃப், எம்எஸ்ஐ ப்ராஜெக்ட் ஸீரோ மதர்போர்டுகளில் பவர், சாட்டா, ஃபேன் ஒயர்களெல்லாம் பின்பக்கம் சொருக வேண்டியவை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதனால் போர்டு கூடுதலாக உழைத்துவிடாது. கேபினட்டிலும் அதே இடங்களில் ஓட்டை வேண்டும். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவில் இந்த ஓட்டைகள் கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும்.

அடமானம் பிடிக்கும்போது வங்கியில் நாங்கள் பார்ப்பது, நாளைக்கு விற்றால் போகுமா என்பதைத்தான். இங்கேயும் அதே கணக்கு. வாரண்டி முடிந்தபின் போர்டு போனால் மாற்று கிடைக்குமா? எனவே சாதா போர்டும் பொருந்துகிற கேபினட்டை முதலில் எடுங்கள். அதன் பட்டியலில் இருக்கிற போர்டை அப்புறம் தேடுங்கள். மும்பை லாமிங்டன் ரோடு கடைக்காரர் 'சப் ஃபிட் ஹோகா சாப்' என்றால், அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்!