மேலே பறக்கும் முன் கீழே கேளுங்கள்

டிரோன் வாங்கிய புதிதில் எல்லாருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: இதை எங்கே கொண்டுபோய்ப் பறக்கவிடுவது? அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் முடியாது. பக்கத்துத் திடலில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அதனால் விடுமுறை வந்தால் காரில் ஏறி, ஊருக்கு வெளியே பச்சையாகத் தெரிகிற பக்கம் போகிறோம். நானும் அப்படித்தான் பாலிங் போனேன்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அம்மா பிறந்து வளர்ந்தது கோலகெட்டிலுக்கும் பாலிங்குக்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து பல காலம் ஆகிறது. லயங்களையும் இடித்துவிட்டார்கள். “மேலேர்ந்து பார்த்தா நம்ம லயம் எங்க இருந்துச்சுன்னு தெரியுமா?” என்று ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அம்மா கேட்டார். தெரியும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

முதல் தடவை அம்மாவை அழைத்துப் போகவில்லை. முதலில் இடத்தைப் பார்த்து வைப்போம் என்று தனியாகப் போனேன். தோட்டத்தை ஒட்டிய மண்சடக்கில் காரை நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை. சுற்றிலும் செம்பனைதானே, யார் இருக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. ஐந்து நிமிடம் பறந்திருக்கும். மரங்களுக்கு அந்தப் பக்கம் நாலைந்து வீடுகள் தெரிந்தன. ஆசையில் கொஞ்சம் தாழ இறக்கினேன். வீட்டுப் பின்கட்டில் ஓர் அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தது திரையில் தெளிவாகத் தெரிந்தது. சட்டென்று துண்டை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பத்து நிமிடத்தில் அவரே சடக்குக்கு நடந்து வந்தார். சண்டை போடவில்லை. “தம்பி, நீ எங்கள பார்க்குற. மேல பறக்குறது யாரு எவருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்டார். மன்னிப்புக் கேட்டு, எடுத்த படத்தை அவர் கண்முன்னேயே அழித்தேன். பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

கிராமத்தில் டிரோன் பறக்கவிட நல்ல இடம் எது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்லும் பதில் அந்த அக்கா சொல்லிக் கொடுத்தது. கீழே இருப்பவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரிந்த இடம்தான் நல்ல இடம். அழகு, வெளிச்சம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் டிரோன்களுக்கு 2016ஆம் ஆண்டின் பொது வான் போக்குவரத்து விதிமுறைகள் பொருந்தும். மேற்பார்வை செய்வது சி.ஏ.ஏ.எம். எனப்படும் பொது வான் போக்குவரத்து ஆணையம். தரையிலிருந்து 400 அடிக்கு மேல், அதாவது சுமார் 120 மீட்டருக்கு மேல், அனுமதியின்றிப் பறக்கக்கூடாது. விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளிக்குள்ளும் அனுமதியின்றி நுழையக்கூடாது. டிரோன் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். திரையில் தெரிந்தால் போதாது.

கேமரா பொருத்திய டிரோனுக்குக் கூடுதல் விதிகள் உண்டு. அனுமதி இல்லாமல் குடியிருப்பு, கடைவீதி, தொழிற்சாலை, பொழுதுபோக்கு இடங்களின் மேலோ அவற்றுக்கு 150 மீட்டருக்குள்ளோ பறக்கவிடக்கூடாது. ஆயிரம் பேருக்கு மேல் கூடும் வெளியிடக் கூட்டத்துக்கும் இதே 150 மீட்டர்தான். கோயில் திருவிழாவைப் படமெடுக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்களோடு தொடர்பில்லாத ஆள், வாகனம், கட்டடம் எதுவானாலும் 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஆட்களிடமிருந்து 30 மீட்டர்.

‘250 கிராமுக்கும் குறைவு, இதற்கு விதியே இல்லை’ என்று கடையில் சொல்வார்கள். மேலே சொன்ன தூரக் கணக்கு டிரோனின் எடையைப் பார்ப்பதில்லை, கேமராவைத்தான் பார்க்கிறது. கல்யாணம், விளம்பரம் என்று பணம் வாங்கிக்கொண்டு படமெடுத்தால் ஆணையத்தின் அனுமதி கட்டாயம். வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. புறப்படுவதற்கு முதல்நாள் ஆணையத்தின் இணையப்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

பாலிங்கில் எங்கே, எப்போது?

பாலிங் என்ற மலாய்ச் சொல்லுக்கு எறிதல் என்று பொருள். கோரைப்பல் அரசன் ராஜா பெர்சியோங் தன் பல்லைப் பிடுங்கி எறிந்து, அது விழுந்த இடம்தான் இந்த ஊர் என்பது பழங்கதை. ஊருக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் பாலிங் மலையைப் பார்த்தால் அந்தக் கதையை நம்பத் தோன்றும். 550 மீட்டர் அளவுக்கு உயர்ந்த சுண்ணாம்புக்கல் மலை அது. சட்டம் தரும் 400 அடியில் மலையின் கால்வாசி உயரம்கூட வராது. அதனால் மலைக்கு மேலே ஏற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். ஊரைத் தாண்டி வெட்டவெளியான இடத்தில் நின்று, தூரத்திலிருந்து பக்கவாட்டில் எடுங்கள். விடியற்காலைப் பனிமூட்டம் மலையடியில் தங்கி நிற்கும். ஏழரையிலிருந்து ஒன்பது மணிக்குள் எடுத்து முடித்துவிடுவது உத்தமம். பிற்பகலில் காற்றும் இடிமழையும் சொல்லாமல் வரும்.

மலைப்பக்கம் பறக்கவிடுவோர் இரண்டு விஷயங்களை மறக்கக்கூடாது. டிரோனை மலைக்குப் பின்னால் கொண்டுபோனால் பாறை சிக்னலை மறைத்துவிடும். அடுத்து, திரையில் காட்டும் உயரம் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அளந்தது. எதிரே தரை மேடேறிக்கொண்டே போனால் அந்த எண் உங்களைக் காப்பாற்றாது. சிக்னல் அறுந்தால் டிரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தைப் பறக்கும் முன்பே சரிபாருங்கள். வழியிலுள்ள உயரமான மரத்தைவிட அது அதிகமாக இருக்க வேண்டும். அன்று அக்காவைக் கண்ட பதற்றத்தில் நான் திரும்பும் பொத்தானை அழுத்தினேன். உயரத்தைக் குறைவாக வைத்திருந்தது அப்போது நினைவில் இல்லை. செம்பனை மட்டையில் மோதி இரண்டு இறக்கைகள் போயின.

ரப்பர்க்காடுகளைப் படமெடுக்க ஆண்டின் தொடக்கம் நல்ல காலம். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறட்சியில் பால்மரங்கள் இலை உதிர்க்கும். உதிர்வதற்கு முன் இலைகள் செம்பும் மஞ்சளுமாக மாறும். பெரிய தோட்டத்தின் நேர்வரிசைக்கும் சிறு தோட்டக்காரர்களின் துண்டு நிலங்களுக்கும் உள்ள வித்தியாசம் மேலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். 1974இல் ரப்பர் விலை வீழ்ந்து, வயிறு காய்ந்து, பாலிங்கில் ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் இத்தகைய துண்டு நிலங்களை நம்பி வாழ்ந்தவர்கள்தாம். படமெடுக்கும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

ஆற்றோரம் அழகாக இருக்கும், எச்சரிக்கையும் வேண்டும். 2022 ஜூலை 4ஆம் தேதி இனாஸ் மலைப்பக்கமிருந்து குப்பாங் வட்டாரத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. சேறும் மரத்துண்டுகளும் வீடுகளை அடித்துப்போயின. மூவர் உயிரிழந்தனர். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், மேலே மலையில் மழை கொட்டலாம். ஆற்றுநீர் கலங்கினால் டிரோனை இறக்கிவிட்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். பேரிடர் நடந்த இடத்துக்கு டிரோனோடு ஓடாதீர்கள். அந்த வான்வெளி மீட்பு ஹெலிகாப்டருக்கு வேண்டும்.

தவிர்க்க வேண்டிய இடங்களும் உண்டு. உலு லெகோங் வெந்நீர் ஊற்றில் குடும்பங்கள் குளிக்கின்றன, அங்கே கேமரா மேலே பறப்பது அநாகரிகம். 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தது பாலிங் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில். அந்த வரலாற்றைத் தரையில் நின்று சொல்லிக்கொடுங்கள். ஊருக்கு நடுவே டிரோன் வேண்டாம். மாவட்டத்தின் இன்னொரு பக்கம் தாய்லாந்து எல்லை. அங்கே கேமராவோடு ஒன்று பறந்தால் அதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாம் தடவை

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அம்மாவோடு மறுபடியும் போனேன். இந்தத் தடவை முன்கூட்டியே தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டிருந்தேன். தேதி, நேரம், அடையாள அட்டை எண் கேட்டார்கள். வேலையாட்களையும் ஸ்டோரையும் எடுக்கக்கூடாது என்றார்கள். காவலாளியிடம் சொல்லி வைத்தார்கள். அந்த அக்கா வீட்டுக்கும் போனோம். அம்மா யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டு, அவர் எங்களைக் கோயிலுக்கு அனுப்பினார். “அங்க ஒரு தாத்தா இருப்பாரு. பழசெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.”

செம்பனைக்கு நடுவே பழைய மாரியம்மன் கோயில் மட்டும் மிஞ்சியிருந்தது. வாசலில் அந்தப் பெரியவர். ஒரு காலத்தில் மரம் வெட்டியவர். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ எந்த லயம் பிள்ள?”

“மேட்டு லயம் அண்ணே. கடைசி வீடு.”

கோயில் பக்கத்து வெட்டவெளியில், கார் மிதியடியை விரித்து டிரோனை ஏற்றினேன். இரண்டு பேரும் நிழலில் உட்கார்ந்து கையடக்கத் திரையைப் பார்த்தார்கள். மேலிருந்து பார்த்தால் செம்பனை ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரம். மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர், கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல ஒரே சீர். அந்தச் சீர் ஓரிடத்தில் உடைந்தது. இரண்டு தென்னை, ஒரு பலா, அடுத்தடுத்து இரண்டு மாமரம். செம்பனைத் தோட்டத்தில் மாமரத்தை யார் நடுவார்கள்? மனிதர் குடியிருந்த இடம் மேலிருந்து இப்படித்தான் தெரிகிறது.

“அதுதான், எங்கப்பா வெச்ச மரம்!” என்று அம்மா பெரிய மாமரத்தைக் காட்டினார்.

பெரியவர் தலையாட்டினார். “இல்ல பிள்ள. அது ஆயாக் கொட்டகை மரம். உங்க வீட்டு மரம் அதுக்கு அந்தாண்ட, சின்னது. பெரட்டுக்குப் போற வழி இப்படித்தானே வளைஞ்சி போவும்?” திரைமேல் விரலால் ஒரு கோடு போட்டார். அந்த வளைவைப் பார்த்ததும் அம்மாவுக்கு எல்லாம் நினைவு வந்தது. கிராணி வீடு, தண்ணிக்குழாய், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக அவரே சொல்ல ஆரம்பித்தார்.

பெரியவர் இல்லாவிட்டால் நான் தப்பான மரத்தைப் படமெடுத்து, அதற்குத் தாத்தா பெயரையும் போட்டுப் பத்திரப்படுத்தியிருப்பேன். டிரோன் இடத்தைக் காட்டும். அது என்ன இடம் என்று அதற்குத் தெரியாது. தெரிந்தவர்கள் கீழேதான் இருக்கிறார்கள், அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டிலும் தோட்டத்தில் பிறந்தவர் யாராவது இருந்தால், அடுத்த விடுமுறைக்கு அவரையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். அனுமதி வாங்கிப் பறக்கவிட்டு, திரையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அந்தக் குரல் இல்லாமல் படம் மட்டும் இருந்தால், நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்கு அது வெறும் செம்பனைக்காடு.

மின்கலம் நாற்பது விழுக்காட்டுக்கு வந்தது. சின்ன மாமரத்தில் காய் இருக்கிறதா என்று பார்க்க இன்னும் கொஞ்சம் தாழ இறக்கச் சொன்னார் அம்மா. பக்கத்து வரிசையில் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் டிரோனைத் திருப்பி இறக்கிப் பெட்டியில் வைத்தேன். பெரியவர் முன்னால் போக, மரம்வரைக்கும் நடந்தே போய்ப் பார்த்தோம்.