பாவாடை சுருங்கிய கதையும் விசிறி விரிந்த கதையும்

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் ஏ-6 நெடுஞ்சாலையில் அமைந்த சிறு நகரம் கலேவெல. மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் பழைய கண்டி இராச்சியத்தின் நிலம். கண்டிய நடனம் வேர் விட்ட மண். இங்கே சிங்களப் பாடசாலை மாணவி கண்டிய நடனம் பயில்கிறாள். அதே மாவட்டத்தின் மாத்தளை நகரில் தமிழ் மாணவி பரதம் பயில்கிறாள். க.பொ.த. சாதாரண தரத்தில் இருவருக்கும் நடனம் ஒரு பாடம். மேடையேறும்போது இருவர் காதிலும் விழும் வாக்கியமும் ஒன்றுதான்: 'இது தொன்றுதொட்டு வந்த உடை. இதில் கை வைக்கக் கூடாது.'

உண்மையில் எவ்வளவு தொன்மையானது இந்த உடை? இந்தக் கேள்விக்கு விடை தேடப் பாரிஸ் வரை ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது.

பாலே என்றதும் நம் கண்முன் நிற்பது இடுப்பைச் சுற்றித் தட்டுப் போல விரிந்து நிற்கும் 'டூட்டு' என்னும் குட்டைப் பாவாடை. பாலே பிறந்தபோது அது இல்லை. அரசவை மங்கையரின் கனத்த நீள அங்கிகளே அன்றைய ஆட்ட உடை. பதினெட்டாம் நூற்றாண்டில் மரி கமார்கோ என்ற நர்த்தகி தன் பாதவேலை அவையோர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்தினார். ஊர் முகம் சுளித்தது. 1832இல் 'லா சில்ஃபீட்' நாடகத்தில் மரி தக்லியோனி மணி வடிவில் தொங்கும் மெல்லிய வெண்பாவாடையில் தோன்றினார். அதன்பின் அதுவே பாலேயின் அடையாளமாயிற்று. 1880களில் ரஷ்யாவுக்குச் சென்ற இத்தாலிய நர்த்தகியர் சுழற்சிகளுக்கு இடம் வேண்டி அதை மேலும் குறுக்கினர். இருபதாம் நூற்றாண்டில் கம்பி வளையம் வைத்த தட்டைப் பாவாடை வந்தது. 1950 வாக்கில் நியூயோர்க்கில் கரின்ஸ்கா என்ற உடைக்கலைஞர் அந்தக் கம்பியையும் நீக்கிவிட்டார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் உடலின் தேவை ஒன்று இருந்தது. ஒவ்வொன்றும் வந்த சில ஆண்டுகளில் 'மரபு' என்ற பெயரும் பெற்றுவிட்டது.

அழகுக்கான விலையும் இதில் உண்டு. தக்லியோனியின் மாணவி எம்மா லிவ்ரி. வாயு விளக்குகள் எரிந்த காலத்தில் மெல்லிய பாவாடைகள் தீப்பற்றுவது வழக்கம். அதைத் தடுக்க இரசாயனக் கரைசலில் தோய்த்த துணி வந்தது. அது விறைத்து மங்கிப்போகிறது என்று லிவ்ரி அணிய மறுத்தார். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது அவருடைய பாவாடை விளக்கில் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863இல் இறந்தபோது அவருக்கு வயது இருபது.

இனி நம் கரைக்கு வருவோம். 1928இல் ரஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் கற்றது பாலேதான். உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று ஊக்கியவரும் பாவ்லோவாவே. அவ்வாறே ருக்மிணி தேவி சதிர் கற்று, 1935இல் அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார்; 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். கோயில் சிற்பங்களைப் பார்த்து, இத்தாலியத் தையற்கலைஞரான மேடம் கசான் என்பவரின் துணையுடன் அவர் அமைத்ததே முன்புறம் விசிறிபோல் விரியும் தைத்த உடை. இன்று சிட்னி முதல் டொரொண்டோ வரை நம் பிள்ளைகள் அரங்கேற்றத்தில் அணிவது இதன் வழிவந்ததைத்தான். அதன் வயது நூறு ஆண்டுகூட ஆகவில்லை.

அதற்கு முன் தேவதாசி மரபுப் பெண்கள் ஆடியது காற்சட்டைமேல் சுற்றிக் கட்டிய சேலையில். பாலசரஸ்வதி அந்தச் சேலையைக் கைவிடவில்லை. கலைக்குப் புது உடை கிடைத்தது. கலையைக் காத்து வந்த பெண்களுக்கு மேடை கைநழுவியது. 1947இல் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தபோது, அவர்களுடைய ஆட்டம் வேறு வீடுகளின் கூடத்தில் புத்தாடை உடுத்தி நின்றது. உடையைத் தொன்மையானது என்று நாம் சொல்லும்போதெல்லாம் அப்பெண்களின் சேலையை இன்னொரு முறை மறைக்கிறோம்.

கண்டிய நடனத்திலும் இதன் சாயல் உண்டு. கொஹொம்பா கங்காரிய சடங்கில் பிறந்த 'வெஸ்' உடை ஆண்களுக்குரியது. 64 அணிகள் கொண்டது என்பது மரபு வழக்கு. அதைக் காத்தவர்கள் பெரவா சமூகத்தினர். பெண் மேடையேறியபோது அவளுக்கென்று ஓர் உடை இருக்கவில்லை. சித்ரசேனவின் துணைவி வஜிரா கண்டிய நடனத்தைப் பெண்ணுக்குரிய மேடைக் கலையாக வளர்த்த முன்னோடி; பெண்ணின் உடையும் அந்தத் தலைமுறையில்தான் உருக்கொண்டது. கலேவெலப் பெண்பிள்ளை இன்று அணிவது அவளுடைய பாட்டியின் காலத்து ஆக்கம்.

இதனால் அந்த உடைகளின் அழகு குறைந்துவிடாது. ருக்மிணி தேவியும் வஜிராவும் செய்தவை பெரும் படைப்புகள். படைப்பு என்று ஒப்புக்கொண்டால் படைத்தவருக்குப் பெருமை. வேதகாலம் என்று சொன்னால் அந்தப் பெருமையும் போய், கேள்வி கேட்கும் உரிமையும் போய்விடுகிறது.

இது வெறும் வரலாற்று வாதமன்று. பட்டில் தைத்த உடை, கோயில் நகை, சலங்கை, ஒப்பனை என்று ஒரு மேடைக்கு ஆகும் செலவு தோட்டத் தொழிலாளியின் வீட்டிலோ சிறு விவசாயியின் வீட்டிலோ பல மாத வருமானத்தைத் தின்றுவிடும். அங்கே 'இதுதான் மரபு' என்ற சொல் கதவை அடைக்கும் தாழ்ப்பாள். பருத்திச் சேலையைக் கட்டி ஆடும் பிள்ளை மரபை மீறவில்லை. பழைய மரபுக்கு ஒருபடி நெருங்கியே நிற்கிறாள். பாடசாலைப் போட்டிகளில் உடைக்குப் புள்ளி இடுவதை விட்டு, அடவுக்கும் தாளத்துக்கும் பாவத்துக்கும் இடட்டும். நடன வகுப்பின் முதல் பாடங்களில் ஒன்றாக இந்த உடை வரலாறும் சேரட்டும்.

கமார்கோ பாவாடையை உயர்த்தியது தன் பாதம் தெரிய வேண்டும் என்பதற்காக. நம் பிள்ளைகளின் பாதம் தெரிவதற்கு எது தடையாக நிற்கிறது என்று பெற்றோரும் ஆசிரியரும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.